விசில் டீச்சரின் தம்பி

வேனை விட்டு இறங்கியதும் அவர் கண் நம் வாய்க்குத்தான் போகும். "எப்படி சார் இருக்கீங்க?" என்பார். நாம் சொல்லும் பதில் அவர் காதில் ஏறுவதில்லை. பேசும்போது கீழ்வரிசை ஆடுகிறதா, உதட்டோரம் காற்று ஒழுகுகிறதா என்பதுதான் அவர் கவலை. "ஆடுது சார், நல்லாவே ஆடுது. கழட்டுங்க" என்று தெருவிலேயே கையை நீட்டுவார். நான் பொக்கை வாயோடு வாசல் கேட் அருகே நிற்பேன். என் பல் செட் வேனுக்குள் போய்விடும். தெருவில் போகிறவர்கள் எல்லாம் அன்றைக்கென்று பார்த்து என்னிடம் நலம் விசாரிப்பார்கள். மானம் கப்பலேறும்.

வாழ்நாள் முழுக்கப் பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செட் செய்து கொடுத்தவர். பட்டறையை மூடிய கையோடு, ரொட்டி கம்பெனி ஒன்று கழித்துக் கட்டிய டெலிவரி வேனை வாங்கிக்கொண்டார். தட்டுகள் அடுக்கிய இடத்தில் இப்போது மடக்குக் கட்டில். தலைமாட்டில் பைனாகுலர், கால்மாட்டில் பல் தேய்க்கிற சின்ன மோட்டார், நடுவில் ஒற்றை அடுப்பு. சர்க்கரை டப்பாவும் பல் டப்பாவும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒரு தடவை நானே டீ போடுகிறேன் என்று எழுந்து போய், ஸ்பூன் நிறையக் கடைவாய்ப் பல்லை அள்ளிவிட்டேன். "தாராளமா போட்டுக்குங்க சார், சுகர் உள்ளவங்களுக்கு அது ஒண்ணும் பண்ணாது" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

வருடத்துக்கு ஒரு தடவை கடற்கரைச் சாலையோடு தனியாகக் கிளம்புவார். வழியில் உள்ள சிநேகிதர், சித்தப்பா மகன், மச்சினன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லார் வாசலிலும் வேன் நிற்கும். சாப்பிடக் கூப்பிட்டால் உள்ளே வருவார். படுக்கச் சொன்னால் மாட்டார். "பெரிய ரூம்ல படுத்தா எந்தப் பக்கம் காலை நீட்டுறதுன்னே தெரியல சார்." மச்சினன் இதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு ஒரு வருடம் பேசாமல் இருந்தார். பல் செட் விரிசல் விட்டதும் பேசினார்.

வீடுகளுக்கு நடுவே பறவைகள். ஆறு கடலில் சேரும் இடமாகப் பார்த்து வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். சிறகின் நிறம் கேட்டால் சொல்லத் தெரியாது. அலகை மட்டும் வரைந்தே காட்டிவிடுவார். "உள்ளானைப் பாருங்க, சேத்துக்குள்ள ஊசி போடற வேலை. கரண்டிவாயனுக்குத் துழாவுற வேலை. அவனவனுக்கு அளவெடுத்துச் செஞ்சிருக்கு சார். நம்மள மாதிரி ஒரே அச்சுல ஊத்தல." டால்பினைப் பற்றி அவருக்குத் தனி அபிப்பிராயம். "எல்லாரும் அது சிரிக்குதுங்கறாங்க. சிரிக்கல. வாய் அமைப்பு அப்படி. உள்ள என்ன கஷ்டமோ, யாருக்குத் தெரியும்?"

பயணத்தின் கடைசி வாசல் எங்கள் தெரு. என் அடுத்த வீட்டில் இருக்கும் விளையாட்டு டீச்சர் அவருடைய அக்கா. ஓய்வு பெற்று வெகுநாளாகியும் தெருவுக்கு அவர் இன்னும் விசில் டீச்சர்தான். விசில் என்று ஒன்றை அவர் காசு கொடுத்து வாங்கியதே இல்லை. முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. அதில் நாக்கை வைத்து ஒரு ஊது ஊதினால் மைதானத்தின் அந்தக் கோடியில் ஓடுகிற பிள்ளைகள் அப்படியே நிற்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நானே எழுந்து நின்றிருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் டீச்சருக்கு ஈறு கெட்டு, பல்லை எல்லாம் எடுத்தாக வேண்டியதாயிற்று. தம்பி விடுவாரா? எடுப்பதற்கு முன்பே அச்சு எடுத்துக்கொண்டு போனார். சின்ன வயதில் அந்தச் சந்துக்காக அக்காவைக் கேலி செய்தவர்களோடு அவர் கட்டிப் புரண்டிருக்கிறார். அந்தக் கோபம் அவருக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் புது செட்டில் அந்தச் சந்தை அடைத்தார். வரிசை பிசகாமல் பல்லை அடுக்கி, "இனிமே எவன் கேலி பண்றான்னு பாக்கறேன்" என்று பழைய அச்சைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போட்டார். டீச்சர் கண்ணாடியில் கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகா இருக்குடா" என்றார். தன் கையால் செய்ததிலேயே அதுதான் உசத்தி என்று போகிற ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் தம்பி.

போன வருடம் அக்காவைக் கழிமுகத்துக்கு அழைத்துப் போயிருந்தார். சேற்றில் பறவைகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. "அக்கா, ஒரு விசில் அடி, மொத்தமா எழும்புறத பாக்கலாம்" என்றிருக்கிறார். டீச்சர் சாதாரணமாகச் சொன்னார்: "எங்கடா அடிக்கறது? அதான் அடைச்சிட்டியே."

அன்று சாயங்காலம் தம்பி என் வீட்டுச் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது. "கண்டவன் வாயெல்லாம் பாத்தேன் சார். வருஷா வருஷம் வந்து நிக்கறேன், அவ விசில் அடிச்சு நான் கேக்கலையேன்னு ஒரு நாள் தோணல சார். அவளும் வாயத் திறக்கல." சுவருக்கு இந்தப் பக்கமே இருந்த எனக்கும் தோன்றவில்லை. அடுத்த வீட்டுச் சத்தம் நின்றால் நமக்கு நிம்மதியாகத்தானே இருக்கிறது.

இந்த வருடம் அவர் கிளம்பியது வேறு பயணம். ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி: அக்கா பல்லில் சந்து எவ்வளவு இருந்தது? போட்டோக்கள் உதவவில்லை, கேலிக்குப் பயந்து டீச்சர் எல்லாவற்றிலும் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். தீக்குச்சி நுழையும் என்றார் சித்தப்பா மகன். டீச்சரோடு வேலை பார்த்த கணக்கு டீச்சர், காசையே செருகலாம் என்று அடித்துச் சொன்னார். பழைய சிநேகிதர் ஒருவர், "சந்தா? அப்படி ஒண்ணு இருந்துச்சா என்ன?" என்றாராம். அந்த ஆளின் பல் செட்டைத் தொடாமலே வண்டியை எடுத்துவிட்டார். எங்கள் தெருவுக்கு வந்து சேரப் பயந்து, பறவை பார்க்கிற சாக்கில் வழியெல்லாம் தங்கித் தங்கி வந்தார்.

வந்த மறுநாள் காலையில் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு கழிமுகத்துக்குப் போனார். டீச்சர் வேனின் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தார். துணியைப் பிரித்துப் புது செட்டைக் கொடுத்தார் தம்பி. "கம்மியாத்தான் விட்டிருக்கேன்க்கா. தேய்ச்சுப் பெரிசு பண்ணிக்கலாம். பெரிசாயிட்டா ஒண்ணும் பண்ண முடியாது."

டீச்சர் மாட்டிக்கொண்டு ஊதினார். வெறும் காற்று. உள்ளான்கள் பாட்டுக்குச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. தம்பி வாங்கி, சின்ன அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துக் கொடுத்தார். காற்று. இன்னொரு இழுப்பு. அப்போதும் காற்றுதான், கொஞ்சம் எச்சிலோடு. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பிக்கு வரவில்லை.

"எவ்வளவு இருந்துச்சுன்னு உனக்குமா ஞாபகம் இல்ல?"

"நான் என்னிக்குடா அளந்து பாத்தேன்? ஊதினா வரும். அவ்வளவுதான்."

"கேட்டுட்டு செஞ்சிருக்கணும்க்கா. அந்த அச்சையாவது உடைக்காம வச்சிருக்கணும்."

"சீ, கண்ணைத் துடை. பல்லுக்குப் போய் எவனாவது அழுவானா?"

தம்பி மறுபடி செட்டை வாங்கி அரத்தை வைத்தார். ஊரில் பாதி வாயைத் தேய்த்த கை அது. தொட்ட இடத்திலேயே நின்றது. இன்னும் ஒரு இழுப்பு கூடிப்போனாலும் போனதுதான். இழுக்காமல் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு வேணும்க்கா உனக்கு? நீ சொல்லு."

டீச்சர் தம்பி கையிலிருந்து செட்டை வாங்கிக் கைக்குட்டையால் துடைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அந்தச் சந்தைப் பார்த்தார். பிறகு மற்ற கையைத் தம்பியின் பக்கம் நீட்டினார். அவர் அரத்தைத் திருப்பி, கைப்பிடிப் பக்கமாக அந்தக் கையில் வைத்தார்.