பெடல் கட்டிய புடலங்காய்

பழைய ட்யூபிலிருந்து நூல் போலக் கிழித்த ரப்பரைப் பிஞ்சின் நுனியில் சுற்றிக்கொண்டிருக்கின்றன இரண்டு கைகள். நகக்கண்ணெல்லாம் கிரீஸ். ரப்பரின் மறுமுனையில் ஒரு சைக்கிள் நட்டு. கைகள் விட்டதும் பிஞ்சு லேசாக ஆடி நிற்கிறது. ஆட்டம் திருப்தியாக இல்லை. நட்டைக் கழற்றி, சட்டைப் பையைத் துழாவி, அதைவிடச் சிறியதாக இன்னொன்றை மாட்டுகின்றன. "பச்சப்புள்ள. இதுக்கு இது போதும்."

செந்துறையில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் சைக்கிள் கடை வைத்திருக்கும் மிக்கேலின் கைகள் அவை. கடைக்குப் பின்புறம் அவருடைய புடலம்பந்தல். காய் சுருண்டுகொள்ளாமல் நேராக இறங்குவதற்கு எல்லாரும் நுனியில் கல்லைத்தான் கட்டுவார்கள். மிக்கேலுக்குக் கல்லில் நம்பிக்கை இல்லை. "கல்லு ஒண்ணொண்ணும் ஒரு எடைங்க. நட்டுன்னா கம்பெனி எடை." பிஞ்சுக்கு நட்டு, முழ நீளம் வந்தால் பிரேக் கட்டை, அதற்கு மேல் ஃப்ரீவீல், நன்றாக வளர்ந்த காய்க்குப் பெடல். பந்தலுக்குள் குனியாமல் நுழைகிறவர்களின் நெற்றியில் யாருடைய வண்டியாவது இடிக்கும்.

வண்டியை ரிப்பேருக்கு விடுகிறவர்கள் பாடுதான் திண்டாட்டம். செயின் மாட்ட விட்டுப்போன பால்காரர் அய்யம்பெருமாள் திரும்பி வந்தபோது சைக்கிள் ஒற்றைப் பெடலோடு நின்றது.

"என்னா மிக்கேலு, இன்னொண்ணு எங்க?"

"மேல தொங்குதுண்ணே. இப்பக் கழட்டுனா காய் கோணிக்கும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

"அதுவரைக்கும் நான் நொண்டி மிதி மிதிக்கிறதா?"

"மெதுவாப் போவீங்க. பாலு தளும்பாது."

அந்தக் காயை அப்படிக் காபந்து பண்ணியதற்குக் காரணம் ஒரு பேரன். மருமகள் தலைப்பிரசவத்துக்கு வரதராசன்பேட்டையில் தாய்வீட்டில் இருந்தாள். குழந்தையைப் பார்க்கப் போன மிக்கேல், தம் தகப்பனார் பேரான அமிர்தசாமியைத்தான் வைக்க வேண்டும் என்றார். சம்பந்தியம்மாள் அமலோற்பவமேரி, ரமேஷ் என்று எப்போதோ முடிவு செய்துவிட்டிருந்தார். பேச்சு தடித்தபோது, மிக்கேல் கொண்டுபோயிருந்த புடலங்காயை அந்தம்மாள் பையிலிருந்து உருவினார். ஈ குத்திய பக்கம் வளராமல் அது அரிவாள் மாதிரி வளைந்திருந்தது.

"ஒரு காயை நேரா வளக்கத் தெரியல. புள்ளைக்குப் பேரு வைக்க வந்துட்டீங்களாண்ணே?"

"உங்க உசரத்துக்கு ஒரு காய், நூல் புடிச்சாப்புல, ஞானஸ்நானத்துக்குக் கொண்டாரேன். அப்ப என்னா சொல்றீங்க?"

"கொண்டாங்க. நீங்க சொல்ற பேரு. ஒரு விரக்கடை கொறைஞ்சாலும் ரமேசு."

கூடப் போயிருந்த மிக்கேலின் மனைவி மதலேனம்மாள் திரும்பப் பஸ் ஏறினார். ஏறியதும், "அந்தம்மா என் உசரம்தான். நெட்டையா இருந்திருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?" என்றார். அப்படிச் சொன்னது தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து அவர்தான் அளவுகோல். அடுப்பில் என்ன கொதித்தாலும், தினமும் காலையில் காய்க்குப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும்.

கொடியின் சத்தெல்லாம் அந்த ஒன்றுக்கே போகட்டும் என்று மற்ற பிஞ்சுகளை மிக்கேல் கிள்ளினார். வீட்டில் பொரியல், கூட்டு, மறுபடி பொரியல். இலையைச் சல்லடையாக்கிய சிவப்பு வண்டுக்கு, பனி ஈரத்தோடு விடியற்காலையில் சாம்பல் தூவினார். காற்று அதில் பாதியைப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மேல் தூவியது. திட்டுவார்கள் என்று பார்த்தால், பாதிப் பேர் திருநீறு என்று நெற்றியில் நன்றாகத் தேய்த்துக்கொண்டார்கள்.

ஈக்கு வேறு வழி வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பிய மதலேனம்மாள் தம் வலைத்துணி முக்காட்டைத் தேடிக் கடைசியில் பந்தலுக்கு வந்தார். காய் அதைப் போர்த்திக்கொண்டு தொங்கியது.

"முக்காடு போட்டுக்கிட்டுக் கோயில்ல புதுநன்மை வாங்கப் போற புள்ள மாதிரி இல்ல?" என்றார் மிக்கேல்.

"நான் எதைப் போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போவ?"

"முந்தானையப் போட்டுக்க. மாதா கோவிச்சுக்க மாட்டா. ஈ அப்படி இல்ல."

ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் ரேடியோ புயல் என்றது. "கடலுக்குத்தானே சொல்றான்" என்று மிக்கேல் அதன் காதைத் திருகினார். மத்தியானம் காற்று செந்துறைக்கே வந்துவிட்டது. பந்தலின் ஒரு கால் சாய்ந்தது. முக்காடும் பெடலுமாகக் காய் ஊஞ்சலாடத் தொடங்கியது. பெடலை அவிழ்க்க ரப்பரைத் தேடினால் ஈரத்தில் முடிச்சு இறுகிக் கிடந்தது. மிக்கேல் ஓடிப்போய்க் காயை அணைத்துக்கொண்டார். இறுக்கிப் பிடித்தால் ஒடியும், விட்டாலும் ஒடியும். ஆகவே அது ஆடிய பக்கமெல்லாம் அவரும் ஆடினார். மழைக்கு ஒதுங்க வந்த அய்யம்பெருமாள் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"மிக்கேலு, யாருப்பா அந்தப் பொண்ணு?"

"வாய மூடிக்கிட்டு அந்தக் காலைப் புடிங்கண்ணே!"

பால்காரர் பந்தற்காலைப் பிடித்தார். காற்று அடங்கும்வரை இருவரும் விடவில்லை. அடங்கிய பிறகு பார்த்தால் காம்பு பாதி விட்டிருந்தது. இனி வளராது. மதலேனம்மாள் ஈரத்தலையோடு வந்து பக்கத்தில் நின்றார். காய் நூல் பிடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அவருடைய உச்சிக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றுவிட்டது. மிக்கேல் பெடலை வெட்டி எடுத்துத் துடைத்து, பால்காரர் கையில் கொடுத்தார்.

மறுநாள் காய்க்கு இரண்டு பக்கமும் மூங்கில் பிளாச்சு வைத்து, ஈரச்சாக்கு சுற்றிப் பஸ்ஸில் ஏற்றினார்கள். முறிந்த காலுக்குக் கட்டும் கட்டு மாதிரியே இருந்தது. ஒரு பெரியவர் எழுந்து இடம் விட்டு, "எங்க விழுந்தாருப்பா?" என்று விசாரித்தார். மிக்கேல் தும்மினார். வரதராசன்பேட்டை வரை தும்மிக்கொண்டே வந்தார்.

கோயில் வாசலில் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். மிக்கேல் கட்டைப் பிரித்து, காயை நிமிர்த்தி, இரண்டு கையாலும் சம்பந்தியம்மாளிடம் நீட்டினார்.

"ரெண்டு விரக்கடை கொறையுதுங்க. ரமேசுன்னே வச்சுக்கங்க." அடுத்த தும்மல்.

"நேத்துப் பூரா மழையில அதைக் கட்டிப்புடிச்சிக்கிட்டு நின்னாரு" என்றார் மதலேனம்மாள்.

அமலோற்பவமேரி காயை வாங்கினார். மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். ஓர் இடத்திலும் விரல் வளையவில்லை. "நானே அளக்காம கொறையுதுன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?" என்று அதைத் தமக்குப் பக்கத்தில் நட்டு நிறுத்தினார். செருப்பைக் கழற்றினார். கொண்டையை அவிழ்த்துவிட்டார். இன்னும் காய்தான் தணிந்திருந்தது. பேரனை ஒருமுறை பார்த்தார். பிறகு பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தரை புரளும்படி கீழே இழுத்துவிட்டு, அதற்குள்ளே முழங்காலை மெதுவாக மடக்கினார்.