இணைப்பு இருக்கிறது என்று சொன்ன கார்டு

வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நானும் இன்னொருவரும் சேர்ந்து நடத்துகிறோம். அவர் ஏரல்காரர். துபாயில் பல வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். வயரும் பெட்டியும் அவர் பொறுப்பு, மென்பொருள் என் பொறுப்பு.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியவர் திசையன்விளையில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி. சரக்கு அடுக்கிவைக்கும் அவருடைய கிட்டங்கியில் ஒரே ஒரு சர்வரை வைத்து, அதற்குள் சில விர்ச்சுவல் மெஷின்களை ஓடவிட்டிருந்தோம். வெளியே பார்த்தால் ஒரு பெட்டி. உள்ளே ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணினி என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். அதில் ஒன்றில்தான் பில்லிங். சுற்றுவட்டாரத்தில் இருக்கிற அவருடைய மற்றக் கடைகளும் இணையம் வழியாக அதில்தான் பில் போடும். அதனால் இரண்டு இன்டர்நெட் லைன் இழுத்து, ஒன்று போனால் மற்றது தானாக எடுத்துக்கொள்கிற மாதிரி அண்ணன் அமைத்திருந்தார்.

ஒரு நாள் மத்தியானம் இடி விழுந்து முதல் லைனின் பெட்டி கருகிப்போனது. இரண்டாவது லைன் நல்லபடியாக இருந்தும் பில்லிங் அதற்கு மாறவில்லை. எல்லாக் கடைகளிலும் கூட்டத்தை நிறுத்திவைத்துக் கையால் பில் எழுதினார்கள். அண்ணாச்சி போனில் சத்தம் போடவில்லை. சென்னையில் ஒரு கம்பெனியை விசாரிக்கச் சொல்லியிருப்பதாக மட்டும் சொன்னார்.

அண்ணன் நொந்துபோனார். கருகிய பெட்டியை மாற்றிவிட்டு, தான் போட்ட வயர்களையே திரும்பத் திரும்பச் சோதித்துக்கொண்டிருந்தார். எங்கோ தப்பு விட்டிருப்பேன் என்றார். நான் அவருடைய அமைப்பை வரிவரியாகப் பார்த்தேன். சரியாக இருந்தது. அவருடைய வேலை எனக்குத் தெரியும். தப்பு அங்கே இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதே மாதிரி ஒரு சர்வரை அலுவலகத்தில் அமைத்துக் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தேன். வெளியே இருக்கும் சர்வர் இணைப்பு போய்விட்டது என்று உடனே சொன்னது. உள்ளே இருக்கிற மெஷினில் பார்த்தால், அதன் நெட்வொர்க் கார்டு இணைப்பு இருக்கிறது என்றே காட்டியது. கேபிள் என் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் திரையைக் குனிந்து பார்த்தார். "லைன் மவுத்தாயிட்டு. இந்தக் கார்டு மட்டும் ஹயாத்தோட இருக்கேங்குது" என்றார்.

லைன் செத்த பிறகும் கார்டு உயிரோடு இருப்பதாகச் சொல்வதை அவர் அப்படிச் சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. ஏரலுக்குப் போன் போட்டு மனைவியிடம், வயரில் ஒன்றும் கோளாறு இல்லையாம் என்று சொன்னார். அந்தக் கவலை அவர் வீடு வரைக்கும் போயிருந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே இருக்கும் மெஷினுக்கு நிஜக் கார்டு கிடையாது. கார்டு போல நடந்துகொள்கிற டிரைவர் என்ற ஒரு சின்ன நிரல்தான் செய்தி சொல்லும். அதன் மூல நிரல் யாரும் பார்க்கக்கூடியது. படித்துப் பார்த்தேன். மெஷின் எழும்போது அது ஒரு தடவை சர்வரிடம் நிலையைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறது. பிறகு நிலை மாறிவிட்டது என்று சர்வர் தகவல் அனுப்பினாலும், புதிதாகக் கேட்காமல் தான் குறித்துவைத்த பழையதையே எடுத்துப் படிக்கிறது. முதல் லைன் இருப்பதாகச் சொன்னால் இரண்டாவதற்கு எப்படி மாறும்?

அண்ணாச்சிக்குப் போன் செய்து விவரம் சொன்னேன்.

"உங்க தப்பு இல்லைங்கிய. பொறவு நீங்க எதுக்குச் சரி பண்ணணும்?" என்றார்.

"பண்ணத் தெரியும் அண்ணாச்சி, அதனாலதான்."

அப்படியானால் செய்யுங்கள் என்றார்.

திருத்தம் சில வரிகள்தான். அதை எழுதி, அந்த டிரைவரைப் பராமரிக்கிறவருக்கு அனுப்பினேன். அவர் வேறு நாட்டில் இருக்கிறார். மின்னஞ்சலில் மட்டும்தான் பழக்கம். பழைய சர்வர்கள் சில, இணைப்பின் நிலையைச் சொல்லவே சொல்லாது, அங்கெல்லாம் உங்கள் திருத்தம் கார்டை நிரந்தரமாக முடக்கிவிடும், ஆகவே இருக்கிறபடியே இருக்கட்டும் என்று பதில் போட்டிருந்தார்.

பாதி சரி. பழைய சர்வர்களை நான் யோசிக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு எழுதினேன். ஆனால் அதற்காக டிரைவர் மற்றவர்களிடம் பொய் சொல்லிக்கொண்டே இருக்க முடியாது என்றும் எழுதினேன். நிரலை மாற்றினேன். நிலையைச் சொல்லத் தெரியுமா என்று டிரைவர் முதலில் சர்வரிடம் கேட்கும். தெரியும் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிதாகக் கேட்கும். தெரியாது என்றால், முன்பு போலவே இணைப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளும். இரண்டு வகையிலும் சோதித்த முடிவுகளைச் சேர்த்து அனுப்பினேன். அவர் ஒரு விளக்கக் குறிப்பை மட்டும் திருத்தச் சொல்லிவிட்டு ஏற்றுக்கொண்டார். நான் எழுந்து போய் இரண்டு டீ சொன்னேன்.

திசையன்விளைக்கு அண்ணனின் காரில் போனோம். கிட்டங்கியில் வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. கடை மூடின பிறகு சோதிக்கலாமா என்று அண்ணன் தயங்கினார். இப்போதே செய்வோம் என்றேன். அண்ணாச்சியும் சம்மதித்தார்.

புது டிரைவரைப் போட்டு, மெஷினை எழுப்பி, பில் ஓடத் தொடங்கியதும் அண்ணனுக்குத் தலையசைத்தேன். அவர் சர்வருக்குப் பின்னால் கையை விட்டார். பில் போடுகிற பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள். பிரிண்டர் நிற்கவில்லை. மற்றக் கடைகளின் பில்களும் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "எப்பம்மா புடுங்கப் போறிய?"

"புடுங்கியாச்சு அண்ணாச்சி."

அண்ணன் முதல் லைனின் கேபிளைத் தூக்கிக் காட்டினார். அண்ணாச்சி எழுந்து வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, "ரெண்டையும் புடுங்கினா?" என்றார்.

"நின்னுரும். ஆனா நின்னுட்டேன்னு உங்ககிட்ட சொல்லும்."

அதையும் பார்த்துவிட வேண்டும் என்றார். அந்தப் பெண் போட்டுக்கொண்டிருந்த பில் முடியும் வரைக்கும் காத்திருந்து, இரண்டாவதையும் பிடுங்கினோம். இணைப்பு இல்லை என்று திரை உடனே சொன்னது.