விரலைத் தூக்கிவிட்டேன்

தேசிய டென்னிஸ் சங்கம் எங்கள் சிட்லபாக்கத்தில் ஜூனியர் போட்டி நடத்தியபோது, கோட்டருகே நிற்கும் நடுவர் வேலைக்கு எனக்கும் பயிற்சி கொடுத்தது. பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் "அவுட்" என்று கத்தி, கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். இதற்குப் போய் நாள் முழுக்க வகுப்பா என்று எனக்கு ஒரே எரிச்சல்.

முதல் ஆட்டத்திலேயே ஒரு பெண் அடித்த பந்து வெளியே விழுந்தது. "அவுட்!" என்று கத்தினேன். கை தானாக மேலே போய், ஆள்காட்டி விரல் வானத்தைக் காட்டியது. ஆயுசு முழுக்கப் பார்த்த கிரிக்கெட் சும்மா விடுமா? சங்கத்து அதிகாரி தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தப் பெண் விழித்தாள்.

வேலியோரம் வேடிக்கை பார்த்த ஆட்டோக்காரர்தான் எனக்காகக் கோபப்பட்டார்: "அம்பயர் அவுட் குடுத்தாச்சு, அந்தப் பொண்ணு இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு கீது?"