கால் மாறிப் பிறந்தவளின் கைராசி

நான் கால் முன்னால வந்து பிறந்தவ. அப்படிப் பிறந்தவங்க கைபட்டா சுளுக்கு விட்டுப்போகும்னு போடியில எங்க தெருவே நம்புது. மூட்டை தூக்குறவரு, ஏலத்தோட்டத்துல நாளெல்லாம் குனிஞ்சு காய் எடுக்குற பொம்பளைக, எல்லாரும் என் வாசல்ல வந்து கழுத்தை நீட்டுவாங்க. படிக்காமலே டாக்டரான நானும் கூச்சமே இல்லாம திருகி விடுவேன்.

எங்க வீட்டுக்காரரு தோட்டத்துக்கு ஆள் ஏத்துற ஜீப்பு ஓட்டுறாரு. போன வருசம் ஒருநாள் மலையிறங்கி வந்தவரு, "இடது கழுத்து ஒரே வலி, தலையும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது"ன்னாரு. "இதெல்லாம் ஒரு சோலியா, உக்காருங்க"ன்னு தாடையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் வெட்டித் திருப்பினேன். மளுக்குன்னு சத்தம். பக்கத்து வீட்டு அக்கா, "கைன்னா இது கை!"ன்னாங்க. எனக்குத் தலைகால் புரியலை.

மறுநாள் காலையில அவருக்கு இடது இமை தொங்கிப்போச்சு. வலது கையில காப்பி டம்ளர் நிக்கலை. பேச்சு குளறுது. "கண்ணு பட்டிருச்சு"ன்னு அக்கா உப்பும் மிளகாயுமா ஓடியாந்தாங்க. நல்லவேளை, கொழுந்தனுக்கு புத்தி இருந்துச்சு. வெரசா கார்ல ஏத்தி மதுரைக்குக் கொண்டுபோயிட்டாரு.

கழுத்து ரத்தக்குழாய் உள்பக்கமா கிழிஞ்சிருக்காம். "யாராவது கழுத்தைத் திருகினாங்களா?"ன்னு டாக்டர் கேட்டாரு. இந்த மனுசன் குளறிக்கிட்டே, "சலூன்ல"ன்னாரு. உசிரு ஊசலாடுறப்பவும் என் மானத்தைக் காப்பாத்துறாராம்! எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. "நான்தான் சார்"ன்னேன். "ஜீப்பு குலுக்கல்லயே கிழிஞ்சிருக்கலாம்மா. மிச்சத்தை உங்க வைத்தியம் பார்த்திருக்கும்"ன்னாரு டாக்டர். பலபேருக்கு மாத்திரையிலேயே ஆறிருமாம். இவருக்கு மூளைக்குப் போற ரத்தம் குறைஞ்சுக்கிட்டே வந்ததால, தொடை வழியா உள்ள போயி, கிழிசலை அணைச்சுப் பிடிக்க வலைக்குழாய் வச்சாங்க. ஸ்டென்ட்டாம்.

வீட்டுக்கு வந்ததும் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொன்னேன். "ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் சொல்லுவாங்க தாயி. எனக்குக் கொஞ்சம் பிடிச்சு விடு"ன்னு அக்கா கழுத்தை நீட்டுனாங்க பாருங்க! "மரியாதையா எந்திரிச்சுப் போயிருங்க"ன்னு கத்திட்டேன்.

இப்ப அவருக்குப் பேச்சு திரும்பிருச்சு. வலது கை விரல்தான் இன்னும் சரியா மடங்கலை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடுறேன். கீழயிருந்து ஒவ்வொண்ணா மேல வருவேன். கழுத்துப் பொத்தான்கிட்ட என் கை போனதும் அவரு தலை தன்னால பின்னால போகும். வேணும்னு செய்யல, பாவம்.

"அதை விடு, காத்து வரட்டும்"னு சிரிப்பாரு.