இத்தாலிக் காரில் வந்த மாப்பிள்ளை

சித்திரை சீசனுக்கு நுவரெலியா போயிருந்தோம். ரேஸ்கோர்ஸ் பக்கம் புத்தம் புது இத்தாலிக் கார் ஒன்று நின்றது. இரண்டே கதவு. பதுங்கிய பூனை மாதிரி தரையோடு தரையாகக் கிடந்தது. என் பேரன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"தாத்தா, இன்னும் முப்பது வருஷத்துல இது கிளாசிக் ஆயிரும், பாருங்க."

அவன் சிநேகிதன் ஒப்பவில்லை. "உள்ள பூரா கம்ப்யூட்டர்டா. பார்ட்ஸ் கெடைக்காது. பழைய இரும்புக்குத்தான் போகும்."

தேயிலைத் தோட்டத்து லொறி ஓட்டியவன் என்பதற்காக இருவரும் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். நான் பெரிய மனுஷன் மாதிரி காரை நெருங்கினேன். ஜன்னல் கொஞ்சம் இறங்கியிருந்தது. உள்ளிருந்து புதுத்தோல் வாசனை வந்தது பாருங்கள், அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, வேட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரிக்கிற சிரிப்பு. பேரன் பயந்துபோய்த் தண்ணீர் போத்தலை நீட்டினான். அந்த வாசனை எனக்கு என் கல்யாண வாசனை என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

என் கல்யாண சமயத்தில் நானுஓயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் எனக்கு லொறி வேலை. அங்கே சின்னதொரையாக, அதாவது உதவி மேனேஜராக, வந்த வெள்ளைக்காரர் ஒரு சிவப்பு இத்தாலிக் காரும் கொண்டுவந்தார். இதே மாதிரி இரண்டு கதவு. முன்னால் இரண்டு பேர் உட்காரலாம்; பின்னால் சீட் என்ற பெயரில் ஒரு பலகை. கொழுந்தெடுக்கிற பெண்கள் அதற்குச் 'செவப்பு வண்டு' என்று பெயர் வைத்தார்கள். அன்றைக்கே அதைப் பற்றி எங்களுக்குள் கட்சி பிரிந்துவிட்டது. எதிர்க்கட்சித் தலைவர் நான்தான்.

"ரெண்டு மழைக்குத் தாங்காது. அப்புறம் கோழி அடைக்கத்தான் ஆகும்" என்று அடித்துச் சொன்னேன்.

என் மச்சான் சின்னையா மறுகட்சி. "போ மச்சான்! நம்ம பேரப்புள்ளைங்க காலத்துல இதைக் கண்ணாடிப் பொட்டியில வச்சுப் பாப்பாங்க."

கூலி கொடுத்தாலும் அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தேன். வாய் சும்மா இருக்குமா?

கல்யாணம் ஆனி மாதக் கடைசி முகூர்த்தத்தில். பெண் ராகலைப் பக்கத்துத் தோட்டம், பாக்கியம் என்று பெயர். முகூர்த்தம் தவறினால் ஆடி பிறந்துவிடும். அதுகூடப் போகட்டும், முகூர்த்தத்துக்கு வந்து சேராத மாப்பிள்ளைக்காகப் பெண்ணை எவன் வைத்துக்கொண்டு காத்திருப்பான்? வலப்பனையில் அவளுக்கு ஒரு முறைமாப்பிள்ளை வேறு இருந்தான். பந்தலுக்கும் வந்திருந்தான், நல்ல சட்டை போட்டுக்கொண்டு.

எங்கள் கூட்டம் முழுக்க என் லொறியில்தான் கிளம்பியது. நான் மாப்பிள்ளையாயிற்றே, ஓட்டக்கூடாது என்று வேறொருவரை ஓட்டச் சொல்லியிருந்தார்கள். கந்தப்பளை ஏற்றத்தில் லொறி ஒரு இருமல் இருமி நின்றுவிட்டது. பட்டுவேட்டி, தலைப்பாகை, மாலையோடு பானெட்டுக்குள் தலையை விட்டேன். சந்தனம் இருக்க வேண்டிய கன்னத்தில் கிரீஸ். அத்தைமார் ஒப்பாரிக்கே தயாராகிவிட்டார்கள்.

அப்போதுதான் பின்னால் செவப்பு வண்டின் சத்தம். சின்னதொரை ராகலையில் ஒரு சிநேகிதரைப் பார்க்கப் போகிறாராம். அவருடைய தமிழ் முழுக்கக் கட்டளைத் தமிழ். தோட்டத்தில் வேலை வாங்கக் கற்றுக்கொண்ட தமிழ் அல்லவா, அன்பாகச் சொன்னாலும் அதட்டல் மாதிரிதான் வரும்.

"மாப்ளே! ஏறு!"

"தொரை, தாலி சின்னையாகிட்ட இருக்குதுங்க..."

"அவன் பின்னால போடு!"

போட்டோம். முழங்கால் மோவாயில் இடிக்க, தாலிப்பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி சின்னையா அந்தப் பலகையில் மடிந்தான். கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய கார் என்று சொன்ன வாய், ஒவ்வொரு வளைவிலும் "முருகா! முருகா!" என்று அலறியது. எனக்கோ, ஐயோ, என்ன சொல்ல! தோல் வாசனை, பெட்ரோல் வாசனை, என் கழுத்து மல்லிகை எல்லாம் கலந்து தலை கிறுகிறுத்தது. தேயிலை மலை இரண்டு பக்கமும் பின்னால் ஓடுகிறது. இரண்டு மைலுக்குள் நான் கட்சி மாறிவிட்டேன். "இன்னும் வேகமாப் போங்க தொரை!" என்று கத்தினேன். வாழ்க்கையில் ஒரு தொரைக்கு நான் போட்ட ஒரே கட்டளை அதுதான்.

ராகலைத் தோட்டத்து முனையில் பெண் வீட்டார் மேளதாளத்தோடு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அங்கேதான் வந்தது வினை. அந்தக் காலத்தில் தொரை கார் வந்தால் எங்கள் ஆட்கள் ரோட்டில் நிற்கக்கூடாது. ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, கார் போகிறவரை குனிந்து நிற்க வேண்டும். அதோடு, ரோட்டில் மேளம் அடிக்கக்கூடாது என்று அந்தத் தோட்டத்துப் பெரியதொரை முன்னமே சொல்லியிருக்கிறார். இவர்கள் அவருக்குத் தெரியாமல் அடிக்கலாம் என்றுதான் நின்றார்கள். வளைவில் ஒரு கார், அதில் வெள்ளைக்கார முகம்! அடுத்த நொடி ரோட்டில் ஒரு ஈ காக்கா இல்லை. மேளம் தேயிலைக்குள் உருண்டது. ஆரத்தித் தட்டு செடிக்கடியில் போனது. பூசாரி எந்தப் பக்கம் ஓடினார் என்றே தெரியவில்லை. என் சின்னதொரை நல்லெண்ணத்தோடு ஹார்ன் அடித்தார். மிச்சம் இருந்தவர்களும் ஓடிவிட்டார்கள்.

நான் இறங்கி நடுரோட்டில் நின்று கத்தினேன். "மாமா! நான்தான்! மாப்பிள்ளை!"

ஒரு தேயிலைச் செடி பதில் சொன்னது. "தொரை போயிட்டாராங்க?"

முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. வலப்பனைக்காரன் மட்டும் எங்கும் ஓடாமல் பந்தலிலேயே இருப்பான் என்று நினைத்தேன்.

மேலே லயத்து வீட்டு வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் பாக்கியம். மணப்பெண் வெளியே வரலாமா? வந்தாள். கூறைப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்குப்பாதையில் மடமடவென்று இறங்கி வந்தாள்.

"எதுக்கு எல்லாரும் ஓடுறீங்க? மாப்பிள்ளை வந்து நிக்கிறாரு! பூசாரி அண்ணே, வெளிய வாங்க!"

செடிகளிலிருந்து ஒவ்வொரு தலையாக முளைத்தது. என் மாமனார் மட்டும் கானுக்குள்ளேயே குனிந்து நின்றார். காலில் விழ நான் கிட்டப் போனேன். தலையைத் தூக்காமலே, காரிலிருந்து இறங்கியவன் என்பதால் என்னிடம், "சலாமுங்க" என்றார். அவர் கையைப் பிடித்து ரோட்டுக்கு ஏற்றினேன்.

"தலப்பாவக் கட்டுங்கப்பா. மாப்பிள்ளைய அழைச்சிக்கிட்டு முன்னால நடங்க" என்றாள் பாக்கியம்.

"தொரை காரு நிக்கிதேம்மா..."

"நிக்கட்டும்."

சின்னதொரை ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "நீ போ! முன்னால போ! நான் பின்னால வரும்!"

மாமனார் அவரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். நிதானமாகத் தலைப்பாகையைக் கட்டினார். கட்டிக்கொண்டு நடுரோட்டில் நடந்தார். பயந்து பயந்து தொடங்கிய மேளம் பத்தடிக்குள் மலையையே அதிர வைத்தது. எங்களைப் பறக்கச் செய்த அந்த இத்தாலிக் கார், முதல் கியரில் முனகிக்கொண்டு, மூக்கில் ஆவி விட்டபடி எங்கள் பின்னால் ஊர்ந்தது. சின்னையா இன்னும் உள்ளே மடிந்தபடிதான் வந்தான். அவனை யாரும் இறக்கவில்லை. முகூர்த்தம் முடிய ஒரு மூச்சு இருக்கும்போது தாலி கட்டினேன். வலப்பனைக்காரன் அந்த நல்ல சட்டையோடு பந்தியில் எனக்கே பாயசம் ஊற்றினான், நல்ல மனுஷன்.

சின்னதொரை பிறகு தன் ஊருக்குப் போய்விட்டார். அந்தக் கார் யார் கையில் என்ன ஆனதோ தெரியாது. சில வருஷத்தில் என் மாமனாருக்கு, இலங்கைப் பிரஜாவுரிமை இல்லையென்று, இந்தியாவுக்குப் போகச் சொல்லி அரசாங்கக் கடிதம் வந்தது. ராகலை லயத்தில் பிறந்தவர், இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. நானுஓயா ஸ்டேஷனில் ரயிலேற்றினோம். பாக்கியம் ரயில் கூடவே ஓடினாள். அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை. என்னை அழைத்துப் போன அந்த ராகலை ரோட்டுக்குக் கல் உடைத்தது அவருடைய அப்பா. அதன் நடுவில் அவர் தலைப்பாகையோடு நடந்தது அந்த ஒரு நாள்தான்.