ஏறி இறங்கிய இரைச்சல்

போன கிழமை பின் வீட்டு கிரேஸ் அக்காவிடம் ஒரு சின்னப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னார். தேத்தண்ணீரும் தந்தார். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது ஏதோ பிழை செய்துவிட்டு வருகிறவன் போலவே இருந்தது.

செய்துதான் இருந்தேன். சொல்கிறேன்.

என் பொழுதுபோக்கு உங்களில் பலருக்குத் தெரியும் — கந்தோர் வேலை முடிந்து வந்தால் மின்னணு இசைக்கருவியான சிந்தசைசர் கட்டுவது. ஐசி, ரெசிஸ்டர், வயர் என்று துண்டு துண்டாகச் சேர்த்து, சோல்டர் புகையைக் குடித்து... எங்கள் ஊர் உடுப்பிட்டியில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்பாள் மனைவி. இருக்கலாம்.

சென்ற வைகாசியில் இரைச்சல் எழுப்பும் சேர்க்கிட் ஒன்றைத் தொடங்கினேன். இரைச்சலை யாராவது வேண்டுமென்று செய்வார்களா? செய்வார்கள். காற்று, மழை, கடல் — எந்தச் சத்தத்தை உண்டாக்குவதானாலும் அடியில் இரைச்சல் வேண்டும். சாதாரண ட்ரான்சிஸ்டர் ஒன்றின் இரண்டு கால்களில் பன்னிரண்டு வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுத்தால் அது உள்ளுக்குள் குமுறும். அந்தக் குமுறலை ஒரு ஐசியால் பெருக்கினால் 'ஷ்ஷ்ஷ்...' என்று ஓட்டில் மழை பெய்யும். அவ்வளவுதான். ஒரு பின்னேர வேலை.

அந்தப் பின்னேரம்தான் கிரேஸ் அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தார். நான் ஸ்பீக்கரை நிறுத்தப் போனேன்.

"நிப்பாட்டாதையும் தம்பி... கொஞ்சம் பொறும்."

கதிரையில் அமர்ந்து கண்ணை மூடினார்.

"கேக்கேல்லை," என்றார். "உது ஓடேக்கை, என்ரை காதுக்குள்ளை கீ எண்டுறது கேக்கேல்லை!"

அவருடைய வலது காதில் சில மாதங்களாக ஒரு சத்தம். ஓயாத ஒற்றைச் சுரம். டொக்டர் பார்த்துவிட்டு, ஆபத்தில்லை, பக்கத்தில் மெல்லிய சத்தம் ஏதாவது ஓடட்டும் என்றாராம். ஃபேன் உதவவில்லை. ரேடியோவும் உதவவில்லை. கிரேஸ் அக்காவோ தேவாலயப் பாடகர் குழுவை நடத்துகிறவர். பாட்டின் முதல் சுரத்தை அவர்தான் வாயால் எடுத்துக் கொடுக்க வேண்டும். காதுக்குள் வேறொரு சுரம் நின்றுகொண்டிருந்தால் எப்படி எடுப்பது?

"உதிலை ஒண்டு எனக்குச் செய்து தருவீரோ? ஒத்திகைக்கு முதல் கொஞ்ச நேரம் காது ஆறினாக் காணும். மிச்சத்தை நான் சமாளிப்பன்."

"ஓம் அக்கா. ஒரு கிழமை தாங்கோ."

மேசையில் கிடந்ததை அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கலாம். எது தடுத்தது? கெட்டிக்காரத்தனம்தான்.

வெறும் இரைச்சலைக் கொடுப்பதா? வோல்ட்டேஜுக்கு அடங்கி நடக்கும் இரைச்சலாகக் கொடுப்போமே! இன்னொரு சேர்க்கிட் மெதுவாக வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும். அதோடு இரைச்சலும் ஏறி இறங்கும். கிரேஸ் அக்காவின் அறைக்குள் தொண்டைமானாற்றுக் கடல்!

கொழும்பிலிருந்து வந்த ஐசி வேறு இலக்கம். சரியானது வந்தபோது அதன் கால்களை மாற்றிப் பொருத்தி எரித்தேன். பிறகு அலை ஏறுவது அழகு, இறங்கும்போது ஒரு 'டிக்'. அந்த டிக்கைத் துரத்தியே இரண்டு மாதம் போனது.

"தம்பி, உம்மடை இரைச்சல் என்னமாதிரி?" — வேலிக்கு மேலால் கேட்பார்.

"கிட்டமுட்ட முடிஞ்சுது அக்கா."

ஆவணியிலும் இதே பதில். புரட்டாதியிலும் இதே பதில். ஐப்பசியில் அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

"காது சுகம் வந்திட்டுது போலை," என்றேன் மனைவியிடம்.

"அவ கேட்டுக் களைச்சுப்போனா எண்டு நினைக்கேல்லையோ?"

சோல்டரை எடுத்தேன்.

மார்கழியில், வழக்கம்போல, அயலவர்கள் என்று தேவாலயத்துக் கரோல் ஆராதனைக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். குழுவின் முன்னால் இளம் டீச்சர் ஒருவர் நின்று கையசைத்தார். கிரேஸ் அக்காவைத் தேடினேன். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தார். பாட்டுப் புத்தகம் மடியில் மூடியபடி. பாடவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு ஓட்டம் ஓட்டமாக வேலையை முடித்து, போன கிழமை பெட்டியோடு போனேன்.

அவரது முன் அறையில் இரைச்சல் கடல் போல எழுந்தது. அவர் முகம் இளகியது. அலை இறங்கியது... முகம் சுருங்கியது. மறுபடி எழுந்தது. மறுபடி சுருங்கியது.

"வடிவாயிருக்கு தம்பி. ஆனா... உது இறங்கேக்கை என்ரை சத்தம் திரும்பி வருது. உந்த ஏறி இறங்கிறதை நிப்பாட்டேலுமோ?"

எட்டு மாத வேலை. ஒரு வயரைக் கழற்றி நிலையான வோல்ட்டேஜில் கொழுவினேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. ஓட்டில் மழை, ஒரே சீராக.

"ஓம்... உதுதான். அண்டைக்குக் கேட்டது உதுதான்."

அவர் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை.

"இனிப் பாடகர் குழுவுக்குப் போவியளோ அக்கா?" தயங்கித்தான் கேட்டேன்.

"அந்தப் பிள்ளை நல்லாச் செய்யுது. நான் திரும்பிப் போனா அவ விலக வேணும். அது சரியில்லைத்தானே?" பெட்டியின் மேல் கையை வைத்தார். "எனக்கு இனி நித்திரையாவது வரும், தம்பி."

அவர் என்னிடம் கேட்டது கொஞ்சம் இரைச்சல். அதை வைத்து என் திறமையைக் காட்ட ஆசைப்பட்டது நான்.

கெட்டிக்காரத்தனத்தைப் பிறகும் காட்டலாம் — ஆள் கேட்டதை முதலில் கொடுத்துவிடுங்கள்.