பூட்டாத கோப்புறை

காலையில் வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, சர்வர் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான். சூடு அளவாக இருந்தால் ஒரு தலையாட்டல். இல்லையென்றால் உள்விசிறியின் தூசியை ஊதிவிட்டுத் தானே தும்முவார். எங்கள் கட்டட வரைபட அலுவலகத்தில் அவருக்குப் பெயர் வயர் அண்ணன். தோளில் துண்டு மாதிரி ஒரு நெட்வொர்க் கேபிள் எப்போதும் கிடக்கும்.

எல்லோருடைய கோப்புகளும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று அந்தச் சர்வரை அமைத்தவர் அவர்தான். மேலாளரிடம் மேக், வரைபடப் பிரிவில் விண்டோஸ், பொறியாளரிடம் லினக்ஸ். ஒருவர் வைத்த கோப்பை இன்னொருவர் திறந்தால் 'அனுமதி இல்லை' என்று முகத்தில் அடிக்கும். "மூணு ஓரகத்திய ஒரே அடுப்படியில விட்டா வேற எப்படி இருக்கும்?" என்று சிரிப்பார். ஆளாளுக்கு அவரைப் பிடுங்கித் தின்ன, ஒருநாள் பொறுமை இழந்து, யாரும் எதையும் திறக்கலாம், திருத்தலாம், அழிக்கலாம் என்று எல்லாக் கோப்புறைகளின் பூட்டையும் எடுத்துவிட்டார். நகல் எடுத்து வைப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். எல்லாம் தற்காலிகமாம். எங்கள் அலுவலகத்தில் நிரந்தரத்தின் செல்லப்பெயர் அது.

திறந்த வீட்டில் நாய் நுழைந்த கதையாக, யாரோ கைவைத்ததில் வரைபடக்கார அக்காவின் கோப்புறை காணாமல் போனது. ஒரு மருத்துவமனைக் கட்டடத்தின் வரைபடங்கள் முழுதும் அதில்தான் இருந்தன. மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அக்காவை வாங்கு வாங்கென்று வாங்கினார். கைதவறி அவரே அழித்துவிட்டார் என்று முடிவும் கட்டினார். அண்ணன் கேபிளின் நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

அன்றைக்கே பூட்டுகளைத் திரும்பப் போட்டுவிட்டார். வாயை மட்டும் திறக்கவில்லை. அக்கா விடுமுறையிலும் வந்து எல்லாவற்றையும் மறுபடி வரைகிறார். அக்கா கேட்காமலே அண்ணன் அவருடைய மவுசைத் துடைக்கிறார், விசைப்பலகையை மாற்றுகிறார், ஆடும் நாற்காலிக்குத் திருகு முடுக்குகிறார். ஒவ்வொரு முறையும் அக்கா மனதார நன்றி சொல்கிறார். "அவங்க நாலு திட்டு திட்டினாக்கூடத் தேவல. கும்பிடாத குறையா பேசறாங்க. உடம்பெல்லாம் கூசுது," என்று அண்ணன் என்னிடம் நடந்ததைச் சொன்னார். மேலாளரிடம் சொல்லலாமே என்றேன். எழுந்து போய் சர்வரைத் தொட்டுப் பார்த்தார்.

அக்காவிடமிருந்து பெரிய வேலைகளைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுக்கப் போவதாக நேற்று பேச்சு வந்தது. அவருடைய திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் சீட்டு புதிதாக ஒட்டியிருந்தது. 'அழிக்கும் முன் இருமுறை பார்.' தனக்குத்தானே எழுதிக்கொண்டது.

"எப்படி அழிச்சேன்னே நினைவில்ல தம்பி," என்றார் அக்கா, அண்ணனிடம். "வயசாகுது போல. இனிமே தப்பு வராம நீங்கதான் சொல்லித்தரணும்."

அண்ணன் சீட்டை மெல்லப் பிய்த்தெடுத்தார். நேராக மேலாளர் அறைவரை நடந்தார். தோளில் கிடந்த கேபிளை எடுத்துச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு, சீட்டு ஒட்டியிருந்த விரலாலேயே கதவைத் தட்டினார்.